பக்கத்துக் கட்டிலுக்குப் போன பஞ்சு

ஆபரேஷனுக்குப் பிறகு மூக்கில் குழாயோடு கிடந்தவர்களைக் கேட்டால், தாகம்தான் பெரிய கஷ்டம் என்பார்கள். உண்மைதான். எனக்கு அதைவிடப் பெரிய கஷ்டம் பக்கத்துக் கட்டில்.

அப்போது நான் வேலூரில் பி.எஸ்ஸி. கடைசி வருஷம். பேரணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தேன். குடல்புண் ரொம்ப நாளாகவே இருந்தது. கடைசியில் காலையில் தின்றது சாயங்காலம் அப்படியே வாந்தியாக வர ஆரம்பித்தது. இரைப்பையின் கீழ்வாய் தழும்பேறிச் சுருங்கிவிட்டது, பக்கத்திலேயே வேறு வழி திறந்துவிட வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்பாவுக்குத் தோல் பதனிடுகிற தோல்ஷாப்பில் லீவு கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை வருவார். துணைக்கு ஒருத்தர்தான் இருக்கலாம் என்பதால் அம்மா வந்தாள்.

அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் பீடி சுற்றுகிறவள். சின்ன வயதில் நான் அவள் முறத்துக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறேன். "டேய் நாயே, எலைய மெதிக்காத" என்று முதுகில் ஒன்று வைப்பாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் போன முதல் ஆள் நான். காலேஜில் சேர்ந்த அன்றைக்கு 'டேய்' போய், 'தம்பி' வந்தது. நான் புத்தகத்தை எடுத்தால் போதும், "தூள் நெடி ஆவாது தம்பிக்கு" என்று முறத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே மற்றப் பெண்களோடு உட்கார்ந்து சுற்றுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். எதற்குச் சிரித்தீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "அதெல்லாம் சும்மா பேச்சு தம்பி, நீ படி" என்றாள்.

ஆபரேஷன் அன்றைக்குக் காலையிலேயே குழாயைப் போட்டார்கள். எனக்கும் பக்கத்துக் கட்டில்காரனுக்கும் ஒரே நாளில், ஒரே ஆபரேஷன். அவன் நாட்றம்பள்ளிக்காரன், ஆம்பூரில் ஒரு தோல்ஷாப்பில் வேலை. என்னைவிட நாலைந்து வயது மூத்திருப்பான். மனைவிக்குக் குழந்தை பிறந்து அவள் அம்மா வீட்டில் இருந்தாள். கூட வேலை செய்கிற ஒருத்தர் அவனைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போய்விட்டார். துணைக்கு ஆள் இல்லை.

முதலில் எனக்குத்தான் போட்டார்கள். விரல் தடிமன்கூட இல்லாத குழாய். நுனியில் எதையோ தடவி மூக்குக்குள் விட்டார்கள். "தண்ணி முழுங்குற மாதிரி முழுங்குங்க, முழுங்கிக்கிட்டே இருங்க" என்றார் பெரிய சிஸ்டர். தொண்டைக்கு வந்ததும் குமட்டியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. கையை வீசி அவர் மணிக்கட்டையே பிடித்துவிட்டேன். இரண்டு முறை விழுங்கியதும், குமட்டுகிற இடத்தைத் தாண்டிக் குழாய் தானாக உள்ளே இறங்கியது. பயப்பட்ட அளவுக்கு இல்லை. மூக்குமேல் பிளாஸ்திரி ஒட்டி, வெளியே தொங்குகிற மீதியைச் சட்டையோடு ஊக்குக் குத்திவிட்டார்கள்.

அவனுக்கும் போட்டு முடித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொங்கிய குழாயைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு என் அம்மாவிடம் சொன்னான்.

"மூக்கணாங்கயிறு போட்டாச்சும்மா. இனிமே சந்தைக்குப் புடிச்சினு போவ வேண்டியதுதான் பாக்கி."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட அதே சிரிப்பு. எனக்கு எரிச்சலின் முதல் கோடு விழுந்தது அப்போதுதான். இன்னும் வயிற்றைத் திறக்கவே இல்லை.

ஆபரேஷன் முடிந்து முழு நினைவு வந்தபோது வயிற்றுக் காயத்தின் வலியைவிடத் தொண்டைதான் முதலில் தெரிந்தது. மீன்முள் மாட்டினதுபோல ஒரு உறுத்தல். எச்சில் விழுங்கினால் அது நகர்ந்து குத்தும். ஒரு பக்க மூக்கு அடைத்திருப்பதால் வாயால்தான் மூச்சு. வாயால் மூச்சு விட்டால் நாக்கு செருப்புத்தோல் மாதிரி காய்ந்துவிடும். பேசினால் குரல் வேறு யாருடையதோபோல மூக்குவழியாக வந்தது. பசி என்பதே இல்லை. ஆனால் வராண்டாவில் யாரோ பக்கெட்டில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டால் உடம்பே அந்தப் பக்கம் திரும்பியது.

குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டிலில் இறங்கியது. இரைப்பையில் ஊறுவதெல்லாம் அதில் வந்து விழும். நடுநடுவே நர்சுகள் பெரிய சிரிஞ்சு வைத்து இழுத்தும் பார்ப்பார்கள். உள்ளே தையல் போட்ட இடம் இழுபடாமல் ஓய்வாக இருக்க வேண்டும், அதற்குத்தான் இது என்று டாக்டர் விளக்கினார். குடல் திரும்ப வேலை செய்ய ஆரம்பித்தால் வயிற்றுக்குள் சத்தம் கேட்கும், கீழே காற்றுப் பிரியும், பாட்டிலில் விழுவது கம்மியாகும். அப்போது குழாயை எடுத்துவிடலாம். அதற்குப் பிறகுதான் தண்ணீர்.

அதுவரை பஞ்சுதான். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, உதட்டில் ஒற்றிக்கொள்ளலாம். வாயைக் கொப்பளித்துத் துப்பலாம். விழுங்கக் கூடாது.

அம்மாவுக்குப் பஞ்சு கையில் கிடைத்ததும் விரல் சும்மா இருக்காது. ஒரு பக்கம் கூராக, ஒரு பக்கம் அகலமாக, பீடி மாதிரியே உருட்டிவிடுவாள். நனைத்துக் கூர்ப்பக்கத்தால் என் உதட்டைத் தொட்டாள். "போதுமா தம்பி? சிஸ்டர கேட்டுட்டு இன்னும் வெக்கட்டுமா?" என்றாள், ஆபீசில் பேசுவதுபோல. அதை அந்தப் பக்கத்திலிருந்து அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாம்மா, நூலு கட்டாமலே குடுக்குற? கம்பெனில கழிச்சிடுவான்."

"ஒங்கூட்லயும் பீடி சுத்துறாங்களா?" என்று அம்மா திரும்பினாள்.

"எங்கம்மா சுத்துனவதான். இப்ப இல்ல."

அவ்வளவுதான். அடுத்த பஞ்சு பக்கத்துக் கட்டிலுக்குப் போனது.

யாரும் இல்லாதவனுக்கு உதட்டை நனைப்பதில் என்ன தப்பு என்று எனக்கே தெரியும். தெரிந்து என்ன? முதலில் எனக்கு வைத்தாளா, அவனுக்கு வைத்தாளா என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன். அவன் பஞ்சு நன்றாக நனைந்திருந்ததாகவும் என்னுடையதை ஒட்டப் பிழிந்துவிட்டதாகவும் தோன்றியது. என்னிடம் வரும்போது அவள் முகம் விறைப்பாக இருக்கும். எதையும் தப்பாகச் செய்துவிடக் கூடாது என்கிற பயம். அவனிடம் போனால் முக்காலியை இழுத்துப் போட்டு, காலை மடக்கி உட்கார்ந்துவிடுவாள். மேஸ்திரி, தூள் எடைபோடுகிறவன் கைவரிசை, இலை சரியில்லாத பண்டல், பேரணாம்பட்டு பஸ்ஸில் சண்டை என்று ஆரம்பித்தால் முடியாது. அவனுக்கும் என்னைப்போல மூக்கில் குழாய்தான். தொண்டை அவனுக்கும் புண்தான். அவனால் மட்டும் எப்படி அவ்வளவு பேச முடிந்தது?

"யம்மா, இந்த பாட்டில பாரேன்" என்பான். "எங்க தொட்டில ஆவாரம்பட்ட ஊறப் போட்ட தண்ணி மாதிரியே கீது. ஒரு ஆட்டுத்தோல உள்ள போட்டா பதமாயிடும்."

"சீ, வாய மூடுடா, பேமானி."

டா! பேச ஆரம்பித்த மறுநாளே அவனுக்கு 'டா' கிடைத்துவிட்டது.

நான் இருமிப் பார்த்தேன். இருமினால் வயிற்றுத் தையல் சுரீர் என்று இழுக்கும். இருந்தாலும் இருமினேன். அம்மா எழுந்து ஓடிவந்தாள். "இன்னா தம்பி, சிஸ்டர கூப்டட்டுமா?" என்று கைகட்டி நின்றாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மறுபடியும் அந்த முக்காலிக்கே போய்விட்டாள்.

அதனால் எனக்கு ஒரே ஒரு வெறிதான் மிச்சம் இருந்தது. குழாய் முதலில் எனக்குத்தான் எடுக்க வேண்டும். ஒரே நாளில் அறுத்தவர்கள், அவனுக்கு முன்னால் நான் எழுந்து உட்கார்ந்து அம்மா கையால் தண்ணீர் குடிக்க வேண்டும். அதை அவன் படுத்துக்கொண்டு பார்க்க வேண்டும். கட்டிலிலிருந்து தலையைச் சாய்த்தால் இரண்டு பாட்டிலும் தெரியும். தலையைத் திருப்பினால் குழாய் மூக்கை இழுக்கும். இழுக்கட்டும் என்று திருப்பிப் பார்ப்பேன். பழுப்பாக இருந்தது இரண்டிலும் பச்சையானது. அவனுடைய பச்சை என்னுடையதைவிட வெளுத்திருந்ததா? ஜன்னல் வெளிச்சம் அந்தப் பக்கம் ஜாஸ்தி, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் இந்தப் பந்தயத்தில் எனக்கு ஒரு தடை இருந்தது. அது அவனுக்கு இல்லை.

எங்கள் பக்கத்துக் கட்டில்களைப் பார்த்துக்கொண்டது ஒரு மாணவி நர்ஸ். கேரளாப் பெண், என் வயதுதான் இருக்கும். முதல் நாள் நான் "குட் மார்னிங், சிஸ்டர்" என்றதும் சந்தோஷமாகி, எந்த காலேஜ், என்ன மேஜர் என்று இங்கிலீஷில் விசாரித்தாள். நானும் குழாய் போட்ட மூக்கோடு கெமிஸ்ட்ரி என்றேன். அந்த வார்டில் அவளிடம் இங்கிலீஷில் பேசுகிற நோயாளி நான் ஒருத்தன்தான் என்கிற கர்வம் எனக்கு இருந்தது. அப்படிப்பட்டவள் காலையும் மாலையும் வந்து, மலையாள ராகத்தில், வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்பாள்.

"காத்து போச்சோ?"

எப்படிச் சொல்வது? கெமிஸ்ட்ரியைப் பற்றிப் பேசிய வாயால், அம்மாவும் நிற்கும்போது, அவள் முகத்தைப் பார்த்து, ஆமாம், போச்சு என்று எப்படிச் சொல்வது? முதல் முறை கேட்டபோது உண்மையிலேயே போகவில்லை. "நோ, சிஸ்டர்" என்றேன். அன்று சாயங்காலம் வயிற்றுக்குள் தண்ணீர்க்குழாய் திறந்ததுபோல ஒரு சத்தம் ஓடியது. போர்வைக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தேன். சத்தமில்லாமல் போனது. வயிறு சட்டென்று லேசானது. உலகத்திலேயே அதைப்போல ஒரு சுகம் இல்லை. அவனை முந்திவிட்டேன் என்று உள்ளுக்குள் குதித்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள்.

"காத்து போச்சோ?"

"நோ, சிஸ்டர்" என்று வந்தது வாயில்.

டாக்டர் வந்து கேட்டால் ஆண்பிள்ளையிடம் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். காலையில் டாக்டர் வந்தார். என்னிடம் கேட்காமல் அவளைக் கேட்டார். "நாட் யெட், சார்" என்று எனக்காக அவளே சொல்லிவிட்டாள். அவள் சொன்னதை நான் எப்படி இல்லை என்பது? ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் கேட்டுவிட்டு, சத்தம் வர ஆரம்பிச்சிருக்கு, அதுவும் போகட்டும், பார்க்கலாம் என்று அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

அன்று மத்தியானம் வார்டே அமைதியாக இருந்தது. பக்கத்துக் கட்டிலில் கேட்டது. அதை ஒளிக்கவே முடியாது. அவன் ஒளிக்கவும் இல்லை.

"சிஸ்டர்! ஓ சிஸ்டர்! சைரன் ஊதிட்டாங்க! ஷிப்டு முடிஞ்சிது, ட்யூப கழட்டு!"

எதிர்வரிசையில் ஒரு கிழவர் கை தட்டினார். அந்த மாணவி நர்ஸ் சிரித்துக்கொண்டே ஓடிவந்து, "வெரி குட், வெரி குட்" என்றாள். என்னிடம் ஒரு தடவைகூட அவள் வெரி குட் சொன்னதில்லை. அம்மாவோ தன் வயிற்றிலிருந்தே பாரம் இறங்கினதுபோல, "சாமி, நல்லா இரு" என்று அவன் நெற்றியை வழித்து நெட்டி முறித்தாள்.

டாக்டர் வந்து குழாயின் வாயை மடக்கிக் கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். குமட்டல் இல்லை என்றதும் எடுத்துவிடச் சொன்னார். அம்மா ஸ்பூனால் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவன் உடனே விழுங்காமல் வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். அவன் தொண்டைக்குழி ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். என் தொண்டையும் கூடவே ஏறி இறங்கியது. குழாய்தான் குத்தியது.

"எப்டிடா கீது?"

"பாலாத்துல புதுத்தண்ணி வந்த மாதிரி கீதும்மா."

நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு நேற்றே போய்விட்டது, நேற்றே, என்று சுவரிடம் சொன்னேன்.

சாயங்காலம் அம்மா என் போர்வையைச் சரிசெய்ய வந்தாள். கால்மாட்டில் குனிந்து உதறி மடித்துக்கொண்டிருந்தாள். என்னால் அடக்க முடியவில்லை. இந்த முறை சத்தத்தோடு.

அம்மா மடித்த கை மடித்தபடியே நின்றாள். நான் மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தேன்.

"தம்பி."

ஃபேனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இப்ப போச்சில்ல?"

"ம்."

"இதுக்கு முன்னாடி?"

"ம்."

"எப்பத்துலேர்ந்து?"

"நேத்து" என்றேன், மூக்கால்.

"நேத்தா? நேத்துலேர்ந்து போவுதா? அப்புறம் அந்தப் பொண்ணு கேக்கறப்பல்லாம் நோ நோன்னு சொன்ன?"

நான் கண்ணை மட்டும் மாணவி நர்ஸ் நின்ற பக்கம் ஓட்டிவிட்டுத் திரும்பினேன். அம்மாவும் அந்தப் பக்கம் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. மடித்த போர்வையை என் கால்மேலேயே போட்டாள்.

"அடப் பாவி! டேய்! அறிவு கீதாடா ஒனக்கு? நாக்கு வறண்டு கெடக்குறான், ஒரு வார்த்த சொல்ல வெக்கமாம்! இன்னாத்துக்குடா இந்தப் படிப்பு? ஒன்ன பெத்தப்ப நான் வெக்கப்பட்டனா? யம்மா, சிஸ்டரு! இங்க வா! எம்புள்ளைக்கும் போய்ச்சி! நேத்தே போய்ச்சி! ஒங்கிட்ட சொல்ல வெக்கப்பட்டுக்கினு அமுக்கிக்கினு கெடக்குறான் நாயி!"

வார்டு முழுக்க அதிர்ந்தது. எதிர்வரிசைக் கிழவர் மறுபடியும் கை தட்டினார். அவன் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "யம்மா, சிரிக்க வெக்காத, தையலு பிச்சிக்கும்" என்று கெஞ்சினான். மாணவி நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு, முகத்தைப் பெரிய சிஸ்டர் மாதிரி வைத்துக்கொண்டு வந்தாள்.

அந்த நேரத்தில் நான் நாணிச் செத்திருக்க வேண்டும். காது மடல் சுட்டது உண்மைதான். ஆனால் என் காதில் விழுந்தது வேறு. டேய். நாயி. முறத்துக்குப் பக்கத்தில் படுத்திருந்தவனைக் கூப்பிட்ட மாதிரியே, காலேஜில் சேர்ந்த பிறகு முதல் தடவையாக.

டாக்டர் எனக்கும் கட்டிப் பார்த்துவிட்டு எடுக்கச் சொன்னார். குழாயை எடுப்பது போடுவதைவிடச் சுலபம். பிளாஸ்திரியை ஈரப்படுத்தி உரித்தார்கள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரே இழுப்பு. உள்ளிருந்து பாம்பு வழுக்கிக்கொண்டு வெளியேறுவதுபோல இருந்தது, மூக்கு எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, முடிந்தது. உடனே வாசனைகள் வந்தன. டெட்டால், அம்மா புடவையில் இன்னும் போகாத பீடித்தூள் நெடி. அது ஆகாது எனக்கு என்று யார் சொன்னது அவளுக்கு?

"வாயத் தொற" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். ஒரு ஸ்பூன் தண்ணீர் நெஞ்சுக்கு நடுவே கோடு போட்டுக்கொண்டு இறங்கியதை நான் கடைசி வரை பின்தொடர்ந்தேன். அவன் சொன்னதைவிட நல்ல உவமை ஒன்று சொல்ல வேண்டும் என்று தேடினேன். கிடைக்கவில்லை. அதற்கும் அவன்மேல் கோபம் வந்தது.

அவன் மனைவி வந்தது அதற்கு அடுத்த நாள். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, எந்த வார்டு என்று தெரியாமல் அலைந்து, வியர்த்து வந்து நின்றாள். அவன் முகம் எங்களிடம் ஒருநாளும் காட்டாத முகமாக மாறியது. "இவங்கதான் என்ன பாத்துக்கினாங்க" என்று அம்மாவைக் காட்டினான். அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். அம்மா முக்காலியை விட்டு எழுந்து அவளை உட்காரச் சொல்லிவிட்டு என் கட்டிலுக்கு வந்தாள். பிறகு அவன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குழந்தையின் விரலை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனுக்குக் கஞ்சி ஊட்டினாள்.

அம்மா என் காலடியில் உட்கார்ந்து அதையே பார்த்தாள். மடியில் கிடந்த அவள் விரல்கள் ஒன்றும் இல்லாததை உருட்டிக்கொண்டிருந்தன.

"கஞ்சிய ஆத்தாம குடுக்குறா பாரு" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

கொஞ்ச நேரம் கழித்து, "எடது பக்கம் சாஞ்சா அவனுக்கு வலிக்கும். அது அவளுக்கு இன்னா தெரியும்" என்றாள்.

இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "ஸ்பூன நெறப்பி நெறப்பிக் குடுக்குறா" என்றாள்.

அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். தலையணையில் இத்தனை நாளும் நான் வைத்துக்கொண்டு கிடந்தது அதுதான்.

எனக்குத் தாகம் இல்லை. இப்போதுதான் குடித்திருந்தேன்.

"அம்மா, தண்ணி" என்றேன்.

"இப்பதானடா குடிச்ச?"

"இன்னும் கொஞ்சம்."

டம்ளரை எடுத்தாள். ஸ்பூனை என் வாய்ப்பக்கம் கொண்டுவந்தாள். கண் மட்டும் பக்கத்துக் கட்டிலிலேயே இருந்தது. தண்ணீர் என் மோவாயில் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது.

"எங்க பாத்துக்கினு ஊத்துற?" என்றேன்.

திரும்பினாள். நனைந்த என் சட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முந்தானையால் கழுத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டே, "பேஜார் புடிச்சவனே" என்று சிரித்தாள்.